கடக்காமல் திரும்பியவர்கள்

1

கோலாலம்பூருக்கு வந்து இந்தச் செவ்வாய்க்கிழமையோடு பத்தொன்பது ஆண்டுகள் முடிந்தன. வீட்டில் இதை யாரும் கொண்டாடுவதில்லை. மனைவி சுமதி எனக்குப் பின்னால் இரண்டு மாதம் கழித்து வந்தவள். மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். அதனால் இது என் ஒருவனுடைய நாள். ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் முதல் வாரத்து நாட்குறிப்பை எடுத்துப் படிப்பேன். இந்த முறை படித்தபோது, அந்த ஏழு பக்கங்களில் ஐந்தில் ஒரே விஷயம் இருப்பதைக் கவனித்தேன். சாலையைக் கடந்தது, அல்லது கடக்க முடியாமல் போனது.

மூன்றாம் நாள் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆறு தடச் சாலை. கையைக் காட்டிக்கொண்டு இறங்கினேன். காரோட்டி சிரித்துவிட்டுப் பதிலுக்குக் கையசைத்தார். வேகம் குறையவில்லை. பின்வாங்கினேன்."

என் ஊரான கரூரில் பேருந்து நிலையத்தின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு இறங்கினால் வண்டிகள் திட்டிக்கொண்டே நம்மைச் சுற்றிப் போகும். அது பாதுகாப்பானது என்று நான் சொல்ல வரவில்லை. என் பெரியப்பா மகன் அதே இடத்தில்தான் காலை முறித்துக்கொண்டான். ஆனால் நடப்பவனும் சாலையில் ஓர் ஆள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இங்கே நடப்பவன் என்றால் ஏதோ கஷ்டத்தில் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ரயிலிலிருந்து இறங்கி வேலை இடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்னா பாஸ், காடி ரிப்பேரா?"

இங்குள்ள தமிழில் காடி என்றால் கார். எனக்குக் கார் இல்லை என்றேன்.

"ஐயோ பாவம். ஏறுங்க லா, எங்க போகணும்?"

பேச்சின் கடைசியில் வரும் லா இங்கே எல்லோரும் போடும் ஓர் ஒட்டு. இறக்கிவிட்டபோது நன்றியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போனார். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் இப்படி ஏழு பேர் என்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இவ்வளவு இரக்கமுள்ள மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நடைபாதையின் மேல் காரை ஏற்றி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவதும் இதே மனிதர்கள்தான்.

2

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். ரயில் நிலையம், கடைகள், சந்தை எல்லாம் ஒரு பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரே ஒரு சிக்னல். பொத்தானை அழுத்தினால் நூற்றுப் பத்து நொடி கழித்துப் பச்சை மனிதன் தெரிவான். பன்னிரண்டு நொடியில் மறைந்துவிடுவான். பாதியில் மாட்டிக்கொண்டால் நடுத்திட்டில் நிற்க வேண்டும். திட்டின் அகலம் என் குடையின் நீளம்.

அந்தச் சிக்னலில் பச்சை விழும்போது கிக் கிக் என்று ஓர் ஒலியும் வரும். பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வாழும், வேலை செய்யும் பகுதி இது. நடைபாதையில் அவர்கள் காலால் உணர்ந்து நடக்க மஞ்சள் வரிக் கற்கள் பதித்திருக்கிறார்கள். சில இடங்களில் அந்தக் கற்கள் நேராக ஒரு விளக்குக் கம்பத்தில் போய் முடிகின்றன. அது வேறு கதை.

தேவதாஸ் எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பந்திங் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மசாஜ் கடையில் முப்பது ஆண்டுகளாக வேலை. தனியாக வாழ்கிறார். அந்த ஒலி கேட்டால் குச்சியைத் தட்டிக்கொண்டு தானே கடந்துவிடுவார். ஒருநாள் ஒலி நின்றுபோயிற்று. அன்றிலிருந்து காலை எட்டு பத்துக்கு நாங்கள் சேர்ந்து கடக்கத் தொடங்கினோம்.

முதல் நாள் அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

"சார், கைய விடுங்க. மாட்டப் புடிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு. உங்க முழங்கைய நான் புடிச்சிக்கறேன், நீங்க பாட்டுக்கு நடங்க."

என் முழங்கைக்கு மேலே நான்கு விரல் வைத்துக்கொண்டு அரை அடி பின்னால் வந்தார். அந்தப் பிடியை வைத்தே என்னைப் பற்றிச் சொல்வார்: "இன்னிக்கு நீங்க பசியாறல போல." இங்கே காலை உணவு சாப்பிடுவதைப் பசியாறுதல் என்பார்கள். கரூரில் யாரும் இந்தப் பொருளில் சொல்லாத, நல்ல சொல். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

சிவப்பு விழுந்திருக்கும் நேரம் முழுக்கப் பேசுவோம். அரசியல், முழங்கால் வலி, எந்தக் கடையில் தோசை மாவு புளித்துவிட்டது என்பது.

3

ஒலி நின்று மூன்று வாரம் ஆனபின் சாலைகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் புகார் பதிவு செய்தேன். இணையப் படிவத்தில் புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழி, மரம், குப்பை, தெருவிளக்கு, வெள்ளம் இருந்தன. நடப்பவர் என்று எதுவும் இல்லை. தெருவிளக்கைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு நாளில் ஆள் வந்து தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்து, எரிகிறது என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்.

நேரில் போனேன். என் மலாய் மொழி கடிதம் எழுதப் போதுமானது. வாக்குவாதம் செய்யப் போதாது. அங்கே பிரேமா என்ற இளம் பொறியாளர் இருந்தார், தமிழ்ப் பெண். என் பேச்சைக் கேட்டதும் சிரித்தார்.

"அங்கிள், நீங்க ஊர்க்காரங்களா? டிவி நியூஸ் மாதிரி பேசுறீங்க."

ஊர்க்காரர் என்றால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சத்தம் மட்டும் இல்ல அங்கிள், அந்த சிக்னல் செட்டே பழசு. மாத்தணும்னா மேல கேப்பாங்க, எத்தன பேரு யூஸ் பண்றாங்கன்னு. டேட்டா இருக்கா?"

"நான் எடுத்துத் தருகிறேன்."

"நீங்களா?"

என் வேலை தராசுகளைச் சரிபார்ப்பது. மருந்துக் கம்பெனிகளிலும் நகைக் கடைகளிலும் உள்ள எடை எந்திரங்கள் சரியான எடையைக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். எண்களைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். பதினான்கு நாள், காலை ஏழரை முதல் எட்டரை வரை, சிக்னல் அருகே நின்று எண்ணினேன். ஆய்வுக்கூடப் பழக்கப்படி முதலிலேயே வரையறை எழுதிக்கொண்டேன்: பொத்தானை அழுத்தி, பச்சையில், கோட்டுக்குள் கடந்தவர் மட்டுமே கணக்கில் வருவார். மற்றவை முறையற்ற அளவீடு, தள்ளிவிட வேண்டியவை. தினமும் எட்டு பத்துக்கு தேவதாஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து மீதி இருபது நிமிடமும் எண்ணினேன்.

சுமதி மாடியிலிருந்து போனில் கூப்பிடுவாள். "எண்ணி முடிச்சாச்சுங்களா? இட்லி ஆறுது."

அட்டவணை போட்டு, வரைபடம் சேர்த்து, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். சராசரி மணிக்கு முப்பத்தொரு பேர். பிரேமா புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நீட்டா எங்க ஆளுங்களே செய்ய மாட்டாங்க அங்கிள்" என்றார். அன்று மாலை வீட்டுக்கு வரும்போது எனக்கு நிறைவாக இருந்தது. அதை நாட்குறிப்பிலும் எழுதியிருக்கிறேன்.

4

சைக்கிள் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இங்கு வந்த நான்காம் ஆண்டில் ஒரு மடக்கு சைக்கிள் வாங்கினேன். நகரத்தின் சில சாலைகளில் சைக்கிளுக்கென்று நிறம் தீட்டிய தடம் உண்டு. நான் போகும் வழியில் அந்தத் தடத்தில் முதலில் கார்கள் நிற்கும், அடுத்து மோட்டார் சைக்கிள்கள், அதன்பின் தடமே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சில சாலைகளை மூடி நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் விடும்போது மட்டும் ஓட்டுகிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், பலரும் சைக்கிளைக் காரின் மேல் கட்டி எடுத்துக்கொண்டு.

யாழினிக்குப் பதினைந்து வயதானபோது சொன்னாள்: "அப்பா, ஸ்கூல் பக்கம் மட்டும் அதுல வராதீங்க, ப்ளீஸ். ஃப்ரெண்ட்ஸ் கேக்குறாங்க, உங்கப்பாவுக்கு லைசென்ஸ் புடுங்கிட்டாங்களான்னு." அதன்பின் போகவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என்னோடு கடைசியாக எங்கே நடந்து போனாள் என்று நாட்குறிப்பில் தேடிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானில், தீபாவளித் துணி வாங்க, கார் நிறுத்த இடம் கிடைக்காததால்.

5

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மலாயில் ஒன்றரைப் பக்கம். நான் இரண்டு முறை அகராதியோடு படித்தேன். என் ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். நான் அளித்த கணக்கெடுப்பின்படி பயன்பாடு குறைவாக இருப்பதால், சிக்னலைப் புதுப்பிக்காமல் அகற்றிவிட்டு, நடுத்திட்டில் வேலி அமைத்து, பொதுமக்களைச் சற்றுத் தள்ளியுள்ள நடைமேம்பாலத்தைப் பயன்படுத்தச் சொல்ல உத்தேசம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

அந்தப் பாலத்துக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து என் நடையில் ஒன்பது நிமிடம். ஏற ஐம்பத்திரண்டு படி. மின்தூக்கியின் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு வெயிலில் வெளுத்திருந்தது. சாய்தளம் உண்டு, அதில் மோட்டார் சைக்கிள்கள் ஏறிப் பாலத்தின் மேலேயே போகின்றன. குச்சியோடு வரும் ஒருவர் அங்கே என்ன செய்வார் என்று யோசித்தேன். வேலையை விடுவார்.

மறுநாள் காலை சிவப்பில் நின்றபோது தேவதாஸிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். என் கணக்கால் வந்தது என்பதையும் சேர்த்துத்தான். அவர் குச்சியைக் கை மாற்றிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"நல்லா செஞ்சீங்க சார். கெஞ்சப் போயி சங்க அறுத்துட்டு வந்துட்டீங்க."

"எண்ணியதில் தவறு இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன்."

"நான் தப்புன்னு சொல்லல. நான் ஒண்ணு கேக்கறேன். ரெண்டு மாசத்துக்கு முன்ன ஒரு வெள்ளிக்கிழம நீங்க இந்த எண்ணுற வேல செஞ்சிட்டு இருந்தீங்க. ஏழே முக்காலுக்கு நான் இங்க வந்து நின்னேன். அன்னிக்கு சீக்கிரம் ஒரு கஸ்டமர். உங்க இருமல் கேட்டுச்சு. தொந்தரவு பண்ண வேணாம்னு கூப்புடல. ரெண்டு தடவ பச்ச வந்துருக்கும், எனக்குத் தெரியல. வீட்டுக்குத் திரும்பிட்டு எட்டு பத்துக்குத்தான் மறுபடி வந்தேன், கஸ்டமர் போயிட்டாரு. ஏழே முக்காலுக்கு நின்ன என்னய எண்ணுனீங்களா?"

"பார்த்தேன். யாருக்கோ காத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்போது நீங்கள் கடக்கவில்லையே."

"அதான் சார். கடக்க முடியாதவன எண்ணாம, கடந்தவன எண்ணி என்னா பண்ணப் போறீங்க?"

பச்சை விழுந்தது. நான் சொல்லாததால் அவர் நகரவில்லை. அந்தப் பச்சையை நாங்கள் இருவரும் விட்டுவிட்டோம்.

நான் லீவு போட்ட நாட்களில் அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். அந்த நாட்களில் அவர் வேலைக்குப் போகவில்லை. அதுவரை எனக்கு அது தெரியாது.

6

இரண்டாவது கணக்கெடுப்பைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். இந்த ஊரில் அப்போது இன்னும் இருட்டுத்தான். இம்முறை பத்திகள் வேறு: வந்து நின்று திரும்பியவர், பச்சை வராமல் ஓடியவர், வாகனத்தில் ஏறிக் கடந்தவர், கடந்தவர்.

ஆறேகாலுக்கே முதல் ஆச்சரியம். நேபாளத் தொழிலாளர்கள் சைக்கிளில் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக. சிக்னலைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு லோரி, நம் ஊர் லாரி, போனதும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடி, திட்டில் நின்று, மறுபடி ஓடினார்கள். கடைசியாக வந்தவரிடம் ஆங்கிலத்தில், பொத்தானை ஏன் அழுத்தவில்லை என்று கேட்டேன். "பன்னிரண்டு நொடியில் சைக்கிளோடு பாதிதான் போகலாம், பாஸ். ஓடினால் முழுசும் போகலாம்" என்றார். நான் ஏழரைக்கு வந்து நின்றபோதெல்லாம் இவர்கள் வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா வாகனங்களைப் பார்த்துவிட்டுப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பினார். சக்கர நாற்காலியில் ஒருவர் ஓரக்கல்லின் விளிம்புவரை வந்து, உயரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இளைஞர்கள் சிலர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கார் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு, தொலைவில் போய் வளைந்து திரும்பி, எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். சாலையைக் கடப்பதற்காக வாடகைக் காரை அழைக்கும் பழக்கத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நகைச்சுவை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை மேசையில் எண்களைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். யாழினி எட்டிப் பார்த்தாள்.

"இது என்னா பத்தி அப்பா? வாகனத்துல ஏறினவங்க?"

விளக்கினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப அதுல என்னயும் போட்டுக்கங்க. டெய்லி."

"என்ன?"

"ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு. செகண்ட் செமஸ்டர்லேர்ந்து. ஒரு நாள் அந்த நடுத் திட்டுல மாட்டிக்கிட்டேன் அப்பா. ரெண்டு பக்கமும் லோரி. முடியெல்லாம் இழுக்குது. அப்புறம் நடக்கல."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா நீங்க, பொத்தான எத்தன செகண்ட் அழுத்தினேன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன். அவளையும் எழுதினேன். பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும். பதினான்கு நாள் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, முதல் மூன்று பத்திகளும் சேர்ந்து நான்காவதைவிடப் பெரிதாக இருந்தன. முதல் அறிக்கையில் வரையறை தவறாக இருந்தது என்று தனிப் பத்தியில் ஒப்புக்கொண்டு எழுதினேன். பணிக்காலத்தில் நான் சான்றிதழ் ஒன்றைத் திரும்பப் பெற்றதில்லை. இதுதான் முதல் தடவை. ஆட்சேபக் கடிதத்துக்குக் கீழே கட்டடத்தில் பலர் கையொப்பமிட்டார்கள். தேவதாஸ் கட்டைவிரல் ரேகை வைத்தார்; அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். "ரேகை வெச்சாதான் பாவமா இருக்கும் சார்" என்றார்.

7

பிரேமா இடத்தைப் பார்க்க வந்தார். காரை நிறுத்த இடம் தேடி, நடைபாதையின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, எங்களைப் பார்த்ததும் மறுபடி இறக்கிக்கொண்டு போய், வியர்த்த முகத்தோடு நடந்து வந்தார். கையில் கோப்பு.

"மேடம், கடந்து பாப்போமா?" என்றார் தேவதாஸ்.

பொத்தானை அழுத்திவிட்டு நின்றோம். பிரேமா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பச்சை விழுந்தது. அவர் ஓரடி வைத்து, தேவதாஸ் அசையாததைக் கண்டு நின்றார்.

"அங்கிள், பச்ச."

"அப்டியா? எனக்கு யாரும் சொல்லலியே."

அதற்குள் நான்கு நொடி போய்விட்டது. தேவதாஸ் என் முழங்கையைப் பிடித்தார். மூவரும் இறங்கினோம். நடுத்திட்டை அடைந்தபோது சிவப்பு. முன்னாலும் பின்னாலும் வாகனங்கள் கிளம்பின. ஒரு கொள்கலன் லோரி போனபோது காற்று பிரேமாவின் சால்வையைத் தூக்கியது. அவர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க மேடம். நான் இருக்கேன் லா" என்றார் தேவதாஸ்.

பிரேமா சிரிக்கவில்லை. லோரிகள் போனபின் மெதுவாகச் சொன்னார். "டெய்லி இந்த வழியாதான் காடியில போறேன். இங்க ஆளு நிக்கிறத நான் பாத்ததே இல்ல அங்கிள்."

தேவதாஸ் அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "வேலி போட்டுட்டா அப்புறம் யாருக்கும் தெரியாது மேடம். நான் வீட்டுக்குள்ள இருப்பேன். சிக்னல எடுத்தது சரிதான், யாருமே வரலன்னு எழுதிக்குவாங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பச்சையில் பிரேமா அவருடைய இன்னொரு பக்கம் வந்து நின்று, கேட்காமலே தன் முழங்கையைக் கொடுத்தார்.

8

பதில் வர ஒன்பது வாரம் ஆயிற்று. சிக்னலை அகற்றும் திட்டம் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. கைவிடப்பட்டது என்று எழுதவில்லை. நான் அந்தச் சொல்லை இரண்டு முறை தேடினேன். பச்சை இருபத்தாறு நொடியாக்கப்படும், ஒலி பழுதுபார்க்கப்படும். ஓரக்கல்லின் உயரத்தைப் பற்றி எதுவும் இல்லை. அதற்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நேற்று, புதன்கிழமை காலை, வழக்கமான நேரத்தில் கீழே இறங்கினேன். தேவதாஸ் வாசலில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று அவர் கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. சாலை முனைக்குப் போவதற்குள் அந்தக் கிக் கிக் சத்தம் கேட்டது.

அவர் நடுத்திட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். குச்சி இடம் வலமாகத் தட்டியது. ஆறு தடத்திலும் வண்டிகள் நின்றன. அவர் அவசரப்படவில்லை. ஓடினால் நானும் அந்தப் பச்சையிலேயே அவரைப் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. எதிர்ப்பக்கம் ஓரக்கல்லைக் குச்சியால் தொட்டுப் பார்த்து, ஏறி, இடப்பக்கம் திரும்பி, கடைகளுக்குள் மறைந்தார்.

எனக்காக அவர் காத்திருக்கவில்லை. இத்தனை மாதம் நான் எழுதி எழுதிக் கேட்டது இதைத்தான். பொத்தானை அழுத்தினேன். பேச்சுத் துணை இல்லாமல் நின்றபோது சிவப்பு நீளமாக இருந்தது.